பூசாரி இடங்கொடுப்பானா?

“சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான்” என்பது பழமொழி. மக்களாட்சியில் வாக்காளனே சாமி. அவன் வரங் கொடுக்கச் சித்தமாயிருந்தும், அவன் விரும்பும் ஒருவரின் பெயரை வாக்குச் சீட்டில் ஏறவொட்டாது தடுக்கும் பூசாரி ஒருவன் இந்நாட்டின் அரசியலமைப்பினுள்ளே குந்தியிருக்கின்றான். அவனைப் பலர் அறியார்; அறிந்த சிலரும் பேசார். ஆதலால் இங்கே பேசுகின்றோம்.

அரசியலமைப்பின் 31ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட இரண்டே வழிகள் உள. அங்கீகரிக்கப்பட்ட அரசியற் கட்சியொன்று ஒருவரை நியமிக்கலாம். இது முதல் வழி. வேறொரு கட்சியோ, வாக்காளர் இடாப்பிற் பெயருள்ள தனி வாக்காளர் ஒருவரோ நியமிக்கலாம். இது இரண்டாம் வழி. ஆனால், இரண்டாம் வழியாற் செல்பவர் சட்டவாக்க மன்றத்துக்குத் தெரிவான உறுப்பினராக இருத்தல் வேண்டும். அன்றேல் முன்னொருகால் இருந்திருத்தல் வேண்டும்.

இதன் பொருள் யாது? இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைக்கும் கமக்காரர் ஒருவரை, அல்லது ஊரெல்லாம் மதிக்கும் ஆசிரியர் ஒருவரை, இரண்டு இலட்சம் மக்கள் ஒருமித்து வேண்டி நின்றாலும், அவர் சுயேச்சை வேட்பாளராக நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை தெரிவாகி, அடுத்த தேர்தலில் அதே மக்களாற் புறந்தள்ளப்பட்ட ஒருவருக்கோ இக்கதவு ஆயுள் முழுதும் திறந்தே கிடக்கும். இதுவா சமத்துவம்?

இது வெறும் ஏட்டுக் குறையன்று. 2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலை நினைவிற் கொள்ளுங்கள். தமிழ் மக்களுக்கெனப் பொது வேட்பாளர் ஒருவர் வேண்டுமென்று சிவில் அமைப்புகளும் கட்சிகள் சிலவும் கூடி முடிவு செய்தன. மட்டக்களப்பு மாவட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் திரு. பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்திற் சுயேச்சையாக நின்றார். இலங்கைத் தமிழரசுக் கட்சி வேறொரு வேட்பாளரை ஆதரித்தது. அவ்வாறிருந்தும் 226,343 பேர் சங்குக்கு வாக்களித்தனர். நாடளாவிய வரிசையில் ஐந்தாமிடமும், யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டாமிடமும் அவருக்குக் கிடைத்தன.

பொது வேட்பாளர் தேவைதானா என்பதில் நம்மவரிடையே கருத்து வேற்றுமை இருந்தது, அது இருக்கட்டும். நாம் எழுப்பும் வினா வேறு. சுயேச்சையாக ஒருவரை நிறுத்துவதாயின், “நம்முள் மிகத் தகுதியானவர் யார்?” என்று தமிழ் மக்கள் தாராளமாகத் தேட முடிந்ததா? முன்னாள் உறுப்பினர், இந்நாள் உறுப்பினர் என்ற சிறு வட்டத்துக்குள்ளேயே சட்டம் அவர்களை நிறுத்திவிட்டது. 2010இலும் 2019இலும் சுயேச்சையாக நின்ற திரு. எம். கே. சிவாஜிலிங்கமும் பாராளுமன்றங் கண்டவரே.

பாராளுமன்றத் தேர்தலில் இத்தடை இல்லை என்பதை நோக்குமிடத்து இவ்விந்தை மேலும் புலப்படும். ஒரு மாவட்டத்தின் ஆசனங்களோடு மூன்றைக் கூட்டிய தொகையினர் ஒன்றுசேர்ந்தாற் சுயேச்சைக் குழுவாகப் போட்டியிடலாம். 2024 நவம்பரில் ஆறு ஆசனங்கள் கொண்ட யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஒன்பது பேர் போதும். தலைக்கு 2,000 ரூபா கட்டுப்பணம். அத்தேர்தலில் சுயேச்சைக் குழு 17 அங்கே ஓர் ஆசனத்தை வென்றது. 1947இன் முதற் பாராளுமன்றத் தேர்தலில் 95 இடங்களுள் 21ஐச் சுயேச்சையாளரே பெற்றனர். வவுனியாவில் வென்ற செ. சுந்தரலிங்கம் அவர்களுள் ஒருவர். பின்னர் அமைச்சரும் ஆனார். நாட்டுக்குச் சட்டம் இயற்றத் தகுதியுள்ளவன் என ஏற்கப்படும் சாதாரணக் குடிமகன், ஜனாதிபதிப் பதவிக்கு வாக்குக் கேட்கவுந் தகுதியற்றவனா?

வாக்குச் சீட்டிற் பெயர் ஏறுவதற்கு யாதொரு நிபந்தனையும் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நிபந்தனை நியாயமானதாக இருக்கட்டும் என்கின்றோம். கட்சியின் முத்திரைக்கும் பழைய பதவிக்கும் பதிலாக, மக்களின் கையொப்பம் அளவுகோலாகட்டும். போர்த்துக்கலில் 7,500 வாக்காளர் கையொப்பமிட்டால் ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கலாம். போலந்தில் 100,000 கையொப்பங்கள் வேண்டும். 1992இல் அமெரிக்காவின் பெருஞ் செல்வர் ரொஸ் பெரோ சுயேச்சையாக நின்றபோது, தொண்டர்கள் தெருத் தெருவாகக் கையொப்பந் திரட்டியே 50 மாநிலங்களின் வாக்குச் சீட்டுகளிலும் அவர் பெயரை ஏற்றினர். கோடீசுவரனும் குடிமக்களின் கையொப்பத்துக்குக் கை நீட்ட வேண்டியிருந்தது!

இலங்கைக்கு 10,000 கையொப்பங்கள் என வைத்துக் கொள்வோம். 2024இல் வாக்காளர் தொகை ஏறக்குறைய 171 இலட்சம். ஆகவே 1,700 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. விளையாட்டு வேட்பாளரை இது தடுக்கும். உண்மையான ஆதரவுள்ளவரைத் தடுக்காது. ஆனால் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்பது மாகாணங்களிலும் கையொப்பம் பெறவேண்டுமென்ற விதி நுழையலாகாது. நுழைந்தால் வடக்குக் கிழக்கின் குரல் வாசலிலேயே அடைபட்டுப் போகும். மற்றையது, கையொப்பமிட்டோரின் பட்டியல் தேர்தல் ஆணைக்குழுவின் முத்திரைக்குள் இரகசியமாக இருத்தல் வேண்டும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எவர் கைக்குப் போகுமோ என்ற அச்சம் நம் கிராமங்களுக்குப் புதிதன்று. அந்த அச்சத்தைப் போக்காத சட்டம் நமக்குப் பயன்படாது.

வாக்குச் சீட்டு நீண்டுவிடுமே என்பார் சிலர். இன்றைய விதிகளின் கீழேயே 2024இல் 39 பேரின் நியமனப் பத்திரங்கள் ஏற்கப்பட்டன. பூட்டு இருந்தும் சீட்டு நீண்டதாயின், பூட்டினாற் பயன் என்ன? கட்டுப்பணம் தடுக்கும் என்பார் வேறு சிலர். 2024இற் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா. சுயேச்சைக்கு 75,000 ரூபா. செல்வனுக்கு இது ஒருநாட் செலவு. வெங்காயம் நட்டுக் கடனடைக்கும் தோட்டக்காரனுக்கு ஒரு போகத்தின் முதல். பணம் மக்களின் ஆதரவை அளக்காது.

நிறைவேற்று ஜனாதிபதி முறையே ஒழியப் போகின்றது, இப்பேச்சு எதற்கு என்று கேட்பாரும் உளர். ஒழிந்தால் நன்று. ஆனால் 1994 முதல் இவ்வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒழியும் வரைக்கும் அக்கதவு சகலருக்கும் ஒத்ததாக இருத்தல் வேண்டுமன்றோ?

உறுப்புரையைத் திருத்தப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு, அதாவது 150 வாக்குகள் வேண்டும். 2024 நவம்பரில் 159 ஆசனங்களை வென்ற தேசிய மக்கள் சக்தி, புதிய அரசியலமைப்பு ஆக்குவதாக மக்களுக்கு வாக்களித்தது. பலமில்லை என்ற சாக்கு அதற்குப் பொருந்தாது. எனினும் கேளாமற் கிடைப்பது அரசியலில் எதுவுமில்லை. சட்டத்தரணிகள் திருத்தத்தின் வாசகத்தை வரையட்டும். கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வாசிகசாலைகளும் அதனை ஆராய்ந்து, தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பட்டும். சிங்கள, முஸ்லிம், மலையகக் கிராமங்களையும் இதிற் சேர்த்துக் கொள்வோம். அம்பாந்தோட்டைக் கமக்காரனுக்கும் இதே கதவுதான் சாத்தப்பட்டுள்ளது.

1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இது. வாக்களிக்கும் உரிமை கிடைத்து ஒரு நூற்றாண்டு நிறையுமுன், யாருக்கு வாக்களிப்பது என்பதைத் தாமே தேர்ந்து நிறுத்தும் உரிமையும் மக்களுக்கு வந்து சேரவேண்டும். சாமி வரங் கொடுக்கட்டும். பூசாரி எழுந்து வழி விடட்டும்.