மார்க்கத் தீர்ப்பு வேறு, வகுப்பறைப் பொறுப்பு வேறு

தன்பாலீர்ப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நமது சமூகத்தில் விவாதம் 'ஹராம்' என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தச் செயல் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இங்கு யாரும் மாற்றக் கேட்கவில்லை. ஆனால் பசறையிலோ லுணுகலையிலோ தோட்டப் பாடசாலையொன்றில் பணியேற்கவிருக்கும் ஆசிரிய பயிலுனரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நடையையும் பேச்சையும் வைத்து ஒரு மாணவனுக்குப் பட்டப்பெயர் சூட்டி வகுப்பே சிரிக்கும்போது அவர் என்ன செய்வார்?

பிந்துனுவெவ ஊவா தேசிய கல்வியியற் கல்லூரிக்கோ பத்தனை ஸ்ரீபாத கல்லூரிக்கோ செல்லும் பயிலுனர்கள் இரண்டு வருடங்கள் விடுதியில் தங்கிக் கற்று, மூன்றாம் வருடம் கட்டுறு பயில்வுக்காகப் பாடசாலைகளுக்குச் செல்கிறார்கள். வீடும் ஊரும் முகநூலும் தந்த எண்ணங்களும் அவர்களோடு கூடவே செல்கின்றன. 'இது நோய்', 'இது மேற்கிலிருந்து வந்தது' என்பவை அவற்றுள் இரண்டு.

உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மேற்கிலிருந்து வந்தது எதுவெனில், இதைக் குற்றமாக்கிய சட்டம்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் பிரித்தானியர் விட்டுச்சென்றவை. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. எனினும் அது நிறைவேறவில்லை.

சட்டம் மாறும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. லயத்தில் ஓர் அறையில் பேசுவது பக்கத்து அறைக்குக் கேட்கும். தாய் மத்திய கிழக்கில், பிள்ளை பாட்டியின் பொறுப்பில் என்ற குடும்பங்களும் அங்கு உண்டு. ஆசிரியர் தன் சந்தேகத்தை வாய்தவறி வெளியே சொன்னால் தோட்டம் முழுக்கப் பரவும். அடி, அவமானம், பாடசாலை இடைவிலகல் என்று அது எங்கு போய் முடியும் எனச் சொல்ல முடியாது.

நமது மார்க்கம் இங்கு மௌனமாக இல்லை. சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. அடுத்த வசனம் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. செயலைப் பாவம் எனக் காட்ட மார்க்கத்தை எடுப்பவர், பிள்ளையைக் கேலி செய்யும்போது மட்டும் அதை மறந்துவிடலாமா?

ஆசிரியர் தன் நம்பிக்கையை விட்டுவிடத் தேவையில்லை. கேலியை அங்கேயே நிறுத்தட்டும். பிள்ளை நம்பிச் சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழைக்கட்டும். கல்லூரிகளும் பயிலுனர்களை இதற்குத் தயார்படுத்தட்டும்.

வகுப்பில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அமானிதம். அதைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படுவோம் என நம்பும் ஆசிரியர், எந்தப் பிள்ளையையும் கைவிட மாட்டார்.