முழுகாமல் இருப்பவள் எல்லாம் கர்ப்பிணி அல்ல



ஒரு பெண்ணுக்கு மாதம் தள்ளிப்போனால் ஊர் உடனே சொல்வது, "அவள் முழுகாமல் இருக்கிறாள்" என்று. மாதவிடாய் வராதவளுக்கும் கர்ப்பிணிக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். கலியாணம் ஆனவளுக்கு அது வாழ்த்து. ஆகாதவளுக்கு அதே சொல் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான் நம் பிள்ளைகள் மூன்று மாதம், நான்கு மாதம் வாய் திறப்பதில்லை. இந்த வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம்.

கர்ப்பம் ஒரு காரணம்தான். அதை முதலில் பரிசோதித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் அது ஒன்றே காரணமல்ல. பெரியபிள்ளையான முதல் ஓரிரு வருடங்களில் மாதவிடாய் முன்பின்னாக வரும். பால் கொடுக்கும் தாய்க்கு நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் குடும்பக்கட்டுப்பாட்டு ஊசியாலும் நிற்கும். தைரொயிட் நோய், சினைப்பைக் கோளாறு, பெரும் துக்கம், 45 வயதுக்கு மேல் வரும் மாற்றம் என்று இன்னும் பல உண்டு.

இவற்றோடு, யாரும் பேசாத ஒரு காரணம் பசி. செய்யும் வேலைக்குச் சாப்பாடு போதாவிட்டால், மூளை சினைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். முட்டை வெளிவராது. மாதவிடாயும் நின்றுவிடும்.

நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ட்' என்று தங்கள் நகரத்தின் பெயரை வைத்தவர்கள் ஒல்லாந்தர். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்தபோது, அந்த நகரம் உட்பட மேற்கு ஒல்லாந்தே பட்டினி கிடந்தது. ஏறக்குறையப் பாதிப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. சாப்பாடு கிடைத்த பிறகு திரும்பி வந்தது. அது ஒழுக்கக்கேடா?

2022இல் நம் நாட்டில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போதிய உணவில்லை என்று உலக உணவுத் திட்டம் சொன்னது. மண்ணெண்ணெய் இல்லாமல் வடக்கில் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நாட்களில் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் யார், சாப்பிடாமலே படுத்தவள் யார் என்று நமக்குத் தெரியும்.

தீவகத்தில் தோட்டம் என்றால் புகையிலையும் வெங்காயமும். மலையகத்தில் தேயிலை. கூலிக்கு உழைக்கும் பெண்ணின் உடம்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நெடுந்தீவுப் பெண் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக, குறிகாட்டுவானுக்கு ஒரு மணி நேரம் படகு, அங்கிருந்து பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. நயினாதீவுக்குக் கடல் தூரம் குறைவு, ஆனால் கடல் கடல்தான். நமக்குக் கடல் இல்லை, மலை இருக்கிறது. கிளினிக் போன நாளுக்குப் பேர் இல்லை. இரண்டு பெண்களுமே "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்கிறோம்: கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. தீவுக்கும் தோட்டத்துக்கும் பெண் நோயியல் வைத்தியர் நாள் குறித்து வரவேண்டும். சோதிக்கும் இடத்தில் "கலியாணம் ஆச்சா?" என்று ஊர் கேட்க விசாரிப்பதை நிறுத்த வேண்டும்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதம் வராவிட்டாலோ, 15 வயதாகியும் பிள்ளை பெரியபிள்ளையாகாவிட்டாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாதம் தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிர் போகும்.

பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "யார்?" என்பதல்ல. "சாப்பிட்டாயா?" என்பதுதான்.