தக்காளிக்குத் தண்ணி உண்டு, புல்தரைக்குக் கிடையாது

மூணு மாசமா எதுவும் எழுதல. ஊர்லயே இல்ல, பிரான்சுல இருந்தேன்.

காரைக்கால் பக்கத்து ஆளுங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது. எங்க பக்கம் தெருவுக்கு ஒரு சொல்தா குடும்பம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பார்த்தவங்களை நாங்க சொல்தான்னுதான் சொல்லுவோம். 1962-ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப, பட்டாளத்துல இருந்த என் சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கிட்டார். எங்க அப்பா, "நமக்கு எதுக்கு அதெல்லாம்"னு மம்முட்டியைத் தூக்கிக்கிட்டு வயலுக்குப் போயிட்டார். அதனால சித்தப்பா மகன் பிரெஞ்சுக்காரன். நான் காவிரிக் கடைமடையில மூணு ஏக்கர் விவசாயி.

அந்தத் தம்பியும் பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கிட்டு, தென்மேற்குப் பிரான்சுல லோ-எ-கரோன் மாவட்டத்துல ஒரு சின்னக் கிராமத்துல வீடு வாங்கியிருக்கான். போர்தோ நகரத்திலிருந்து கார்ல ரெண்டு மணி நேரம். "அண்ணே, ஒரு கோடைக்காவது வந்து இருங்க"ன்னு பத்து வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். சம்பா வேலை தொடங்கறதுக்குள்ள திரும்பிடலாம்னு 2022 ஜூன் தொடக்கத்துல கிளம்பிட்டேன்.

ஈஃபில் கோபுரம் பார்த்தீங்களான்னு கேட்காதீங்க, பார்க்கல. நான் பார்த்தது ஒரு கொல்லை. அதைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

போன மறுநாளே தம்பி என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். 84 வயசு அம்மா, தனியா இருக்காங்க. புருஷன் தபால்காரரா இருந்து தவறிப் போனவர். "எங்க அண்ணன், விவசாயி"ன்னு தம்பி சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடிச்சு, திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாங்க. அப்புறம் கொட்டகைக்குள்ள போய் ஒரு களைக்கொட்டை எடுத்துட்டு வந்து நீட்டினாங்க. அவங்களுக்கு முட்டி வலி, குனிய முடியல. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது. "பொன்ழூர் மதாம்"னு நான் சொல்லுவேன், "பொன்ழூர் மிஸ்யே"ன்னு அவங்க சொல்லுவாங்க. மத்ததெல்லாம் செடியைக் காட்டிப் பேசிக்குவோம். அன்னிலேர்ந்து தினமும் காலையில அங்கதான்.

நம்ம கணக்குல 10 சென்ட் இருக்கும் அந்தத் தோட்டம். தக்காளி, சுக்கினி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் மாதிரி ஒரு வெங்காயம், சாலட் கீரை, ஓரத்துல ரெண்டு பிளம் மரம். தக்காளியில ஒண்ணுக்கு மார்மாந்துன்னு பேரு. அதே மாவட்டத்துல இருக்கிற ஊரோட பேருதான். தட்டையா, வரிவரியா இருக்கும், ஒரு பழம் ரெண்டு பேருக்குப் போதும். நமக்கு ஆடிப் பட்டம் மாதிரி அவங்களுக்கும் ஒரு பட்டம் இருக்கு. மே மாசம் 11, 12, 13 மூணு நாளும் மூணு புனிதர்களோட நாள். அது தாண்டறதுக்கு முன்னாடி தக்காளி நாத்தை வெளியில நட மாட்டாங்க, பனி விழுந்து கருகிடும்.

கொட்டகையில ஒரு டப்பாவுல நீலத்தூள் இருந்துச்சு. பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. மயில்துத்தமும் சுண்ணாம்பும்! நாம வெத்தலைக் கொடிக்காலுக்கும் தென்னைக்கும் அடிக்கிற போர்டோ கலவை. பேருல இருக்கிற போர்டோ இந்தப் போர்தோதான். 1880-கள்ல திராட்சைக் கொடியைக் காப்பாத்த அங்க கண்டுபிடிச்சது. மத்த ரசாயனப் பூச்சி மருந்தை வீட்டுத் தோட்டக்காரங்களுக்கு விக்கவே கூடாதுன்னு 2019 ஜனவரியிலிருந்து சட்டம். அதனால மதாம் நம்மூர்ச் செந்தட்டி மாதிரி அரிக்கிற ஒரு செடியை வாளியில ஊறப் போட்டு, அந்தத் தண்ணியை ஊத்துறாங்க. நாத்தம் நம்ம பஞ்சகவ்யத்துக்குக் குறைச்சல் இல்ல.

ஜூன் கடைசியில அங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். காலையில தோட்டம், அப்புறம் ரொட்டி, பன்னெண்டு மணிக்குச் சாப்பாடு. பன்னெண்டுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கடையெல்லாம் மூடிடுவாங்க. வெயில் நேரத்துல மரச் சன்னல்களை இழுத்துச் சாத்திட்டு உள்ளயே இருப்பாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல ஒவ்வொரு வீட்டுப் பின்பக்கத்திலிருந்தும் பூவாளிச் சத்தம் கேட்கும். ரிட்டையர்டு வாத்தியார், லாரி டிரைவர், நர்ஸ் எல்லாரும் மண்ணுலதான் நிப்பாங்க. சுக்கினி காய்க்கத் தொடங்கிட்டா அதுக்கு அடக்கமே கிடையாது. காலையில கதவைத் திறந்தா வாசப்படியில யாரோ நாலு காய் வச்சிட்டுப் போயிருப்பாங்க. யாருன்னு தெரியாது. நாமளும் நாலு காயை இன்னொருத்தர் வாசல்ல வச்சிட்டு வந்துடணும். வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் ஊர் நடுவுல விவசாயிகளே கடை போடுவாங்க. ஜனங்க வீட்டிலிருந்து தட்டு, கத்தி, முள்கரண்டி எடுத்துட்டு வந்து, நீளப் பலகையில உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவாங்க.

உடனே "ஆகா, சொர்க்கம்"னு நினைச்சுடாதீங்க. ரொட்டிக்கடை மூடி வருஷக்கணக்காச்சு. காசு போட்டா ரொட்டி தள்ளுற மெஷின் ஒண்ணு நிக்குது. பஸ் கிடையாது, டாக்டருக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். என்னை மாதிரி சின்ன விவசாயி அங்க அபூர்வம். 2010-லிருந்து 2020-க்குள்ள அந்த நாட்டுல ஏறக்குறைய ஒரு லட்சம் பண்ணைகள் குறைஞ்சு போச்சு, 2020-ல மிச்சம் இருந்தது சுமார் 3,90,000. அப்ப சராசரி ஒரு பண்ணை 69 ஹெக்டேர், அதாவது 170 ஏக்கர். என் மூணு ஏக்கரைச் சொன்னப்ப ஒருத்தர், "அது உங்க தோட்டம், பண்ணை எங்க இருக்கு?"ன்னு கேட்டார். கிண்டலா இல்ல, நிஜமாத்தான் கேட்டார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

அந்த வருஷம் ஜூன் நடுவுலயே தென்மேற்குல பல ஊர்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டிடுச்சு. ஜூலையில மழையே இல்ல. ஆகஸ்ட்ல நாட்டோட பெரும்பாலான மாவட்டங்கள்ல தண்ணிக் கட்டுப்பாடு. காஞ்ச மண்ணோட வாசம் அங்கயும் இங்கயும் ஒண்ணுதான். கடைமடைக்காரனுக்கு அது புதுசில்ல. எனக்குப் புதுசா இருந்தது மேரி வாசல்ல ஒட்டியிருந்த நோட்டீஸ்தான். மேரின்னா அங்க பஞ்சாயத்து ஆபீஸ். தம்பி படிச்சு அர்த்தம் சொன்னான்.

வறட்சிக்கு அங்க நாலு படி வச்சிருக்காங்க: விழிப்பு, எச்சரிக்கை, கூடுதல் எச்சரிக்கை, நெருக்கடி. நம்ம கலெக்டர் மாதிரி அங்க இருக்கிற பிரெஃபே எந்தப் படின்னு அறிவிப்பார். படி ஏற ஏறத் தடையும் ஏறும். கடைசிப் படிக்கு வந்துட்டா புல்தரைக்கு ஒரு சொட்டு கூடாது. வீட்டுல கார் கழுவக் கூடாது, நீச்சல் குளம் நிரப்பக் கூடாது. மீறினா 1,500 யூரோ வரைக்கும் அபராதம். ஆனா வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு மட்டும் பொதுவான விதி வேற. காலை 9 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரைக்கும் ஊத்தக் கூடாது, அவ்வளவுதான். மத்த நேரத்துல ஊத்திக்கலாம்.

இதை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். குடிதண்ணிக்கே தட்டுப்பாடு வந்த நேரத்துல, ஒரு கிழவியோட பத்துச் சென்ட் தக்காளிக்கு அரசாங்கம் மணி நேரம் ஒதுக்கி வச்சிருக்கு. அழகுக்கு வளர்க்கிறது ஒண்ணு, வயித்துக்கு வளர்க்கிறது ஒண்ணுன்னு சட்டத்துலயே பிரிச்சு எழுதியிருக்கு. இது நேத்து வந்த புத்தியும் இல்ல. 1896-லயே லெமீர்னு ஒரு பாதிரியார், மில் தொழிலாளிக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் காய்கறி போடக் கிடைக்கணும்னு சங்கம் ஆரம்பிச்சார். தம்பி ஊருக்குப் பக்கத்துல சேந்த்-லிவ்ராட்னு ஒரு ஊர். 1956-ல வியட்நாம்ல இருந்து வந்து சேர்ந்த குடும்பங்களை அங்க பழைய முகாம் கொட்டகைகள்ல குடி வச்சாங்க. அந்தப் பொம்பளைங்க பகல்ல அடுத்தவங்க வயல்ல பீன்ஸ் பறிக்கப் போனாங்க, கொட்டகை ஓரத்துல தங்க ஊர்க் கீரையைப் போட்டுக்கிட்டாங்க.

எல்லாம் நியாயமா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். கோல்ஃப் மைதானத்துல குழியைச் சுத்தி இருக்கிற புல்லுக்கு மட்டும் அதே கோடையில சலுகை இருந்துச்சு. கோபம் வந்த சில பேர் துலூஸ் பக்கத்து மைதானங்கள்ல ராத்திரியோட ராத்திரியா குழியில சிமெண்டைக் கொட்டி அடைச்சுட்டாங்க. பணக்காரன் புல்லு எந்த ஊர்லயும் கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கும் போலருக்கு.

மதாம் அந்த ஆகஸ்ட்ல ஒரு செடியைக்கூட சாக விடல. கூரைத் தண்ணி பிடிச்சு வச்ச தொட்டி ஜூலையிலயே காலி. ராத்திரி எட்டு மணி ஆனதும் நான் பூவாளியைத் தூக்குவேன். வேர்ல மட்டும் ஊத்தச் சொல்லுவாங்க. செடி தூர்ல வைக்கோல் மூடாக்கு. ஊத்தின மறுநாள் மண்ணு பொருக்குத் தட்டறதுக்குள்ள களைக்கொட்டால கிளறிவிடணும். ஒரு தடவை கொத்தினா ரெண்டு தடவை தண்ணி விட்டதுக்குச் சமம்னு அங்க ஒரு பழமொழியே இருக்கு. எங்க அப்பாவும் அதைத்தான் செஞ்சார், பழமொழிதான் இல்ல. மிஞ்சின தக்காளியை வேக வச்சு, ஆரஞ்சு ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடியில அடைச்சு, அலமாரியில அடுக்கினோம். 41 ஜாடி. நான்தான் எண்ணினேன்.

ஆகஸ்ட் நடுவுல அவங்க மகன் போர்தோவிலிருந்து வந்தார். நல்ல மனுஷன், அம்மா மேல பாசம். சாப்பிடும்போது பேச்சு எழுந்துச்சு. அம்மாவைத் தன்னோட கூட்டிட்டுப் போகணும், வீட்டைச் சரி பண்ணிக் கோடையில டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடணும், தோட்டம் இருக்கிற இடத்துல நீச்சல் குளம் வெட்டணும். குளம் இருந்தாத்தான் வாடகை கிடைக்குமாம். அவர் கணக்குல தப்பு இல்ல. மதாம் ஒண்ணும் சொல்லல. அவர் போனப்புறம் தம்பி மூலமா என்னைக் கேட்டாங்க: "உங்க மகன் என்ன செய்வார்?"

பதில் சொல்ல முடியல. ஏன்னா என் மகனும் சென்னையிலிருந்து அதே பேச்சைத்தான் பேசிட்டு இருக்கான். எங்க வீட்டுக் கொல்லை 8 சென்ட். "அப்பா, ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடலாம், சும்மாதானே கிடக்குது." சும்மாக் கிடக்குதுங்கிறது நெஜம். அதைச் சும்மாப் போட்டது யாரு? நான்தான். எங்க அம்மா இருந்தவரைக்கும் அவரைப் பந்தலும் கத்தரியும் முருங்கையும் இருந்த இடம். அம்மா போனப்புறம் நெல்லு மட்டும்தான் விவசாயம்னு இருந்துட்டேன். இன்னிக்கு ஒட்டன்சத்திரத்துலேர்ந்து லாரியில வர்ற கத்தரிக்காயைக் கடையில காசு குடுத்து வாங்குற விவசாயி நான். எங்க தெருவுல முக்கால்வாசி வீடு அப்படித்தான்.

நான் சொல்ல வர்றது இதுதான். வறட்சிகிட்டேயிருந்து கொல்லையைச் சட்டம் காப்பாத்தும், அங்க காப்பாத்துது. நம்மகிட்டேயிருந்து எந்தச் சட்டமும் காப்பாத்தாது. பத்துச் சென்ட் தக்காளியில என்ன லாபம்னு கணக்குப் போட்டா ஒண்ணும் தேறாது, குளமும் ரூமும்தான் ஜெயிக்கும். ஆனா ரொட்டிக்கடை போய், டாக்டர் போய், சின்ன விவசாயியும் போன ஒரு ஊரு இன்னும் ஊரா இருக்குதுன்னா, அது வாசப்படியில யாரோ வச்சிட்டுப் போற நாலு சுக்கினியாலதான். நமக்கு இன்னும் விவசாயிங்க மிச்சம் இருக்காங்க, கொல்லைதான் போயிடுச்சு. பட்டணத்துல இருக்கிற உங்களைக் கேட்டுக்கறேன்: ஊர்ல அப்பா அம்மா வீட்டுப் பின்னாடி சும்மாக் கிடக்கிற இடத்துல சிமெண்ட் போடறதுக்கு முன்னாடி, அங்க முன்ன என்ன காய்ச்சுதுன்னு ஒரு தடவை அவங்களைக் கேளுங்க.

கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி மதாம் ஒரு கட்டு நாத்தைக் காட்டினாங்க. லீக்ஸ், நம்ம வெங்காயத்தாள் மாதிரி, கொஞ்சம் தடிமன். இப்ப நட்டா குளிர்காலத்துலதான் பிடுங்கலாம். அப்ப அந்த இடத்துல என்ன இருக்கும்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. நான் ஒண்ணும் கேட்கல. கயிறு கட்டி, நாலு வரிசை நேரா நட்டுட்டு, எட்டு மணிக்கப்புறம் தண்ணி ஊத்திட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து பத்து நாளாச்சு. கொல்லையில கருவையை வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். மேற்கு ஓரத்துல அவரை விதை ஊனியிருக்கேன், பந்தலுக்கு மூங்கில் சொல்லி வச்சிருக்கேன். மகன்கிட்ட இன்னும் சொல்லல. தீபாவளிக்கு வர்றப்ப பார்த்துக்கட்டும்.