நாலு பேரோடு பழகப் பள்ளி ஒன்றுதான் வழியா?

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று ஒரு தம்பதி வாய்விட்டுக் கேட்டால் போதும், சொந்தபந்தம் முழுக்க ஒரே குரலில் கேட்கும்: "நாலு பேரோடு பழகாம பிள்ளை எப்படி வளரும்?" சான்றிதழுக்கு வழி உண்டு. 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மாநிலத் தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். பழக்கம் பற்றிய கேள்விதான் பெற்றோரை வாயடைக்க வைக்கிறது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பள்ளிக்கு அனுப்பினாலே பிள்ளை மனிதர்களோடு பழகக் கற்றுவிடும் என்பது யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை.

வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் வெளியே போனால், பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதுகிறான். பக்கத்தில் இருப்பவனோடு பேசுவதே அங்கே குற்றம். விளையாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவிய பள்ளிகளை வழிக்குக் கொண்டுவர, 2017-18இல் பதினொன்றுக்கும் அரசு பொதுத்தேர்வு வைக்க வேண்டியிருந்தது. பாடத்தையே தாண்டிப்போகும் பள்ளி, பழகுவதற்கு நேரம் தருமா? மணி அடித்ததும் வேன், அதன்பின் டியூஷன்.

தனியார் பள்ளியில் பழகக் கிடைப்பவர்களும் யார்? கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள். ஏழைப் பிள்ளை தனியார் பள்ளிக்குள் நுழைய, கல்வி உரிமைச் சட்டம் 25 சதவீத இடத்தைக் கட்டாயமாக ஒதுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தானாக நடக்காது என்பதால்தானே சட்டம்?

இதைவிடக் கொடுமையானதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் தடுக்கவந்த தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவரோடு படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. நாள்தோறும் சேர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளின் கையில் அந்தக் கயிறு எப்படி வந்தது? அருகருகே உட்காருவது வேறு, மதித்துப் பழகுவது வேறு.

"சாதியை உடைத்ததே பள்ளிதானே" என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை இருக்கிறது, அதை மதிக்கிறேன். காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளை ஒரே பந்தியில் உட்கார வைத்தது. ஆனால் அது, சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று சிலர் உறுதியோடு முடிவெடுத்ததால் நடந்தது. அந்த உறுதி இல்லாத பள்ளியில் கட்டடம் மட்டும் எதையும் செய்யாது. உறுதி இருந்தால் வீட்டிலிருந்தும் செய்யலாம்.

இதனால் வீட்டுக் கல்வி எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 2009ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டம். மீறும் பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை என்றாலும், வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கு அந்த வரிதான் காப்பு. வயதுக்கு வந்த மகளை வீட்டில் முடக்கிவிட்டு அதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் வைப்பது அநியாயம். சேரிப் பிள்ளையோடு சேரக் கூடாது என்பதற்காகத் தன் பிள்ளையை நிறுத்திக்கொள்வது அதைவிடப் பெரிய அநியாயம். வேலை, சமையல், பாடம் என்று மூன்று சுமையையும் அம்மா ஒருத்தியின் தலையில் ஏற்றுவதும் கல்வி ஆகாது.

எனவே, முடிவெடுக்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிள்ளையோடு தினமும் உட்கார வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? அப்பா எவ்வளவு பங்கு எடுப்பார்? ஊர் நூலகம், விளையாட்டுத் திடல், தச்சுப்பட்டறை, வயல் என்று பிள்ளை போய்வர எத்தனை இடங்கள் உண்டு? வேறு சாதி, வேறு மதம், வேறு வசதி உள்ள பிள்ளைகள் நம் வீட்டுக்குள் வந்து சாப்பிடுகிறார்களா? பள்ளி வேண்டும் என்று பிள்ளையே கேட்டால் மறுநாளே சேர்க்கத் தயாரா?

இவற்றுக்கு நேர்மையான விடை இருக்கிறவர்கள் சொந்தக்காரர்களின் கேள்விக்குப் பயப்பட வேண்டாம். விடை இல்லாதவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பட்டும். ஆனால் மனிதரோடு பழகக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு கட்டணத்தோடு பள்ளிக்குப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொறுப்பு இரு சாராருக்கும் வீட்டில்தான் இருக்கிறது.