யானையருகே நிற்பவரின் சொல்லுக்கு என்ன எடை?

தசரா நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் காட்டு முகாம்களிலிருந்து யானைகள் மைசூருக்கு அழைத்து வரப்படுகின்றன. எடைமேடையில் நிறுத்தி ஒவ்வொன்றின் எடையும் அளக்கப்படுகிறது. மறுநாள் நாளிதழ்கள் அதனை வெளியிடுகின்றன. மணல்மூட்டை சுமந்து நடைப்பயிற்சி, பீரங்கி ஒலிக்குப் பழக்கும் ஒத்திகை, தனி உணவு, கால்நடை மருத்துவரின் அன்றாடச் சோதனை என வாரக்கணக்கில் ஏற்பாடுகள் நடைபெறுகின்றன. மாவுத்தர் எனப்படும் பாகர்களும் காவாடி எனப்படும் துணைப்பாகர்களும் குடும்பத்தோடு அரண்மனை வளாகத்தில் தங்குகின்றனர். அவர்களுக்கென ஒரு நாள் சிறப்புக் காலைச் சிற்றுண்டி அளிக்கப்படுவதும், அமைச்சர்களே இலையில் பரிமாறும் படங்கள் வெளிவருவதும் வழக்கமாகிவிட்டன.

விருந்தில் பிழையில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த முகங்கள் செய்தியில் இடம்பெறுவது நல்லதே. ஆயினும் விருந்து முடிந்து யானைகள் முகாமுக்குத் திரும்பிய பின்னர், எஞ்சிய நாட்களில் அந்தப் பணியாளர்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதே மதிப்பின் உண்மையான அளவுகோல். விலங்குநலப் பணியில் ஈடுபடுவோர் மதிக்கப்படுகின்றனரா என்பதைப் பாராட்டு விழாக்களைக் கொண்டு அறிய இயலாது. ‘இன்று இந்த விலங்கு சரியாக இல்லை’ என்று அவர்களுள் ஒருவர் சொன்னால், அச்சொல் முடிவெடுப்பவரின் செவியை எட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

கால்நடை மருத்துவப் பணி என்றதும் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரே நினைவுக்கு வருகிறார். நடைமுறையில் அது கூட்டுப்பணி. மாட்டை இறுகக் கட்டி நிறுத்தும் உதவியாளர், தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் ஆய்வாளர், கொட்டிலைக் கழுவும் ‘டி குரூப்’ பணியாளர், உயிரியல் பூங்காவின் விலங்குக் காப்பாளர், யானையின் பாகர் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர். விலங்கு தன் நோயைத் தானே உரைக்காது. மனித மருத்துவத்தில் நோயாளி சொல்லும் வரலாற்றின் இடத்தை இங்கே நிரப்புவது, விலங்கின் அருகிலேயே நாள் முழுதும் நிற்பவரின் சொல்தான். தீவனத்தை ஒதுக்கியது எப்போது, சாணத்தின் நிறம் என்று மாறியது, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்பவற்றை முதலில் அறிபவர் அவரே. அச்சொல்லைப் புறக்கணித்தால் நோயறிதலுக்கான முதற் சான்றே இழக்கப்படுகிறது.

இனி, மொழி இப்பணியை எவ்வாறு பார்க்கிறது என்பதைக் கவனிக்கலாம். தமிழில் ‘மாட்டு டாக்டர்’ என்பதும் கன்னடத்தில் ‘தனத டாக்டர்’ என்பதும் ஒரே பொருளுடையவை. இரண்டும் ஏளனத் தொனியோடு வழங்குபவை. திறமையற்ற மனித மருத்துவரை இழிக்கவும் இதே சொற்கள் பயன்படுகின்றன. ‘பல் டாக்டர்’, ‘கண் டாக்டர்’ ஆகியவற்றிலும் இதே தொகைநிலை அமைப்புதான் உள்ளது, அவற்றில் இழிவில்லை. எனவே இழிவு இலக்கணத்தில் இல்லை. மாட்டோடு உழைப்பவரைத் தாழ்ந்த படியில் வைக்கும் சமூக வரிசையில் இருக்கிறது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் முடித்து வரும் மருத்துவருக்கே இந்நிலை எனில், அவருக்குக் கீழே பணிபுரிவோரின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

ஏளனத்திற்கு நேர் எதிரான இன்னொரு மொழியும் உண்டு. அது தியாகத்தின் மொழி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியே மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கை தமிழ் வாசகர் பலரின் உள்ளத்தில் நிலைபெற்றது. அவ்வாசிப்பு பலரைக் காட்டின்பால் ஈர்த்தது. அதன் நன்மை பெரிது. ஆனால் தன்னந்தனியே உழைக்கும் மாமனிதர் என்ற படிமம், அவ்வுழைப்பைத் தாங்க வேண்டிய நிறுவனத்தின் கடமையை எளிதில் மறைத்துவிடுகிறது. தியாகிக்கு ஓய்வுநேரம், மாற்றுப்பணியாளர், பாதுகாப்புக் கருவி எவையும் தேவையில்லை என்று நிர்வாகம் எண்ணிக்கொள்ள அது இடமளிக்கிறது. ஏளனம், வழிபாடு ஆகிய இரண்டும் பணியிடம் என்ற ஒன்றையே பேச்சிலிருந்து நீக்கிவிடுகின்றன.

பணியிடத்தின் மொழியோ இவ்விரண்டையும்விட நுட்பமாகச் செயற்படுகிறது. ‘ஒருமையில் பேசினார்’ என்பது தமிழில் அவமதிப்பைச் சுட்டும் தொடர். கன்னடத்திலும் ‘ஏகவசன’த்தில் பேசுதல் அதே பொருளைத் தருகிறது. மருத்துவமனையிலும் முகாமிலும் மருத்துவர் ‘சார்’ அல்லது ‘மேடம்’. ஐம்பது வயதைக் கடந்த உதவியாளரோ வெறும் பெயர், அல்லது ‘ஏய்’. இருபத்தெட்டு வயது அதிகாரி அவரை ‘நீ’ என்று விளிப்பதும், அவர் அதிகாரியை ‘நீங்கள்’ என்பதும் எவருக்கும் வியப்பளிப்பதில்லை. இதனை வெறும் மரியாதைக் குறைவு என்று கடந்துவிடலாகாது. ஒருமையில் விளிக்கப்படுபவர் விடையளிக்கப் பழகுகிறார்; எதிர்த்துரைக்கப் பழகுவதில்லை. ‘மருந்தின் அளவு கூடிவிட்டதோ’ என்று ஐயுறும் ஒருவர் அந்த ஐயத்தை விழுங்கிவிட்டால், விலை கொடுப்பது விலங்கு மட்டுமன்று.

இதனை மேலாண்மை ஆய்வுலகம் வேறொரு பெயரால் அறிந்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களில் பிழைகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். தரவுகள் நேர்மாறாக இருந்தன. நல்ல குழுக்களில் பிழைகள் மிகுதியாகப் பதிவாயின. காரணம், அங்கே பிழையைச் சொல்ல அச்சமில்லை. 1999இல் வெளியான தம் கட்டுரையில், குழுவினுள் அச்சமின்றிப் பேசக்கூடிய அச்சூழலை ‘உளவியல் பாதுகாப்பு’ என்னும் கருத்தாக்கத்தின்கீழ் அவர் விளக்கினார். கால்நடைப் பணியிடங்களுக்கு இக்கருத்து மேலும் பொருந்தும். அங்கே நோயாளியால் புகாரளிக்க முடியாது; பணியாளரும் பேசாவிட்டால் எஞ்சுவது மௌனம் மட்டுமே.

அத்தகைய கேள்விகளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த ஆண்டு 2023. கர்நாடகத்தில் 6,395 காட்டு யானைகள் இருப்பதாக அவ்வாண்டின் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இந்திய மாநிலங்களுள் அதுவே மிகுதி. மனிதர்-யானை மோதல் கடுமையாக உள்ள ஹாசன் மாவட்டத்தில், ஆகஸ்டு 31 அன்று, காயமுற்ற காட்டு யானைக்குச் சிகிச்சையளிப்பதற்காக மயக்க ஊசி செலுத்தச் சென்றவர் அதே யானையால் கொல்லப்பட்டார். அவர் அப்பணியில் பல்லாண்டு அனுபவம் வாய்ந்தவர். மூன்று மாதங்கள் கழித்து, டிசம்பர் 4 அன்று, அதே மாவட்டத்தின் சகலேஷ்பூர் பகுதியில் காட்டு யானையைப் பிடிக்கும் நடவடிக்கையில் அர்ஜுனா உயிரிழந்தது. 750 கிலோ தங்க அம்பாரியைத் தசரா ஊர்வலத்தில் 2012 முதல் 2019 வரை சுமந்த யானை அது. அறுபது வயதைக் கடந்ததால் அம்பாரி சுமக்கும் பொறுப்பு 2020இல் அபிமன்யுவுக்கு மாறியது. அம்பாரிக்கு வயது கடந்துவிட்ட யானை, மதங்கொண்ட காட்டு யானையை எதிர்கொள்ளும் பணிக்கு எவ்வாறு தகுதியுடையதாயிற்று என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. யானையின் உடலருகே பாகர் கதறியழுத காட்சியை நாடே கண்டது. அர்ஜுனாவுக்கு நினைவிடம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

நினைவிடம் தேவையானதே. ஆனால் அக்காட்சி எழுப்பும் கேள்வி நினைவிடத்தோடு முடிவதில்லை. களத்தில் யானையோடு நிற்பவருக்கும் மருத்துவருக்கும் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லி நடவடிக்கையை நிறுத்தும் அதிகாரம் எழுத்து வடிவில் இருக்க வேண்டாவா? பல்லாண்டு உடன் வாழ்ந்த விலங்கை இழந்தவருக்கு விடுப்பும், உளநல ஆலோசனையும், மீண்டும் பணியேற்கக் கால இடைவெளியும் கிடைக்க வேண்டாவா? யானையின் இறப்புக்கு உடற்கூறாய்வு உண்டு. பாகரின் துயருக்குப் பதிவேட்டில் ஒரு கட்டங்கூட இல்லை.

காட்டைவிட்டு ஊர்ப்புற மருத்துவமனைக்கு வந்தாலும் ஆபத்து குறைவதில்லை. அதன் உருவம் மாறுகிறது. 2019இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரி, புருசெல்லோசிஸ் ஆகிய இரண்டையும் இலக்காகக் கொண்டது. புருசெல்லோசிஸுக்காக நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குச் செலுத்தப்படுவது உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட தடுப்பூசி. கன்று துள்ளி ஊசி கையில் குத்தினால் செலுத்துபவருக்கே தொற்று ஏற்படலாம். கருச்சிதைவுற்ற பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றுவோருக்கும் இதே அபாயம் உண்டு. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, நீங்காத சோர்வு என்று மாதக்கணக்கில் வருத்தும் நோய் அது. வெறிநாய்க்கடி நோய்க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியை, விலங்குகளைக் கையாளும் பணியினருக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மருத்துவர் அதனைப் பெற்றிருக்க, நாயைப் பிடித்து நிறுத்தும் உதவியாளர் பெறாதிருப்பாராயின், அந்நிறுவனம் யாருடைய உயிரை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உளச்சுமையும் கருதத்தக்கது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, பொதுமக்களோடு ஒப்பிடுகையில் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஆண் கால்நடை மருத்துவரிடையே 2.1 மடங்கும் பெண் மருத்துவரிடையே 3.5 மடங்கும் உள்ளதெனக் கண்டது. கருணைக்கொலை வழக்கமும் கல்விக்கடனும் வேறான இந்தியச் சூழலுக்கு அவ்வெண்களை அப்படியே பொருத்துவது முறையாகாது. இங்குள்ள சுமைகள் வேறு. ஒரு குடும்பத்தின் ஒரே பசு கண்ணெதிரே இறக்கும்போது அக்குடும்பத்தின் சினம் முதலில் திரும்புவது வாசலில் நிற்கும் மருத்துவர்மீதே. காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் அவருடைய சான்றிதழே அடிப்படை என்பதால் இருபுறமிருந்தும் அழுத்தம் வரும். இரவில் கன்று ஈனச் சிரமப்படும் பசுவுக்காகத் தனியே செல்லும் பெண் மருத்துவருக்குத் துணையும் வாகனமும் உறுதிசெய்யப்படாவிடில், அது அவருடைய துணிச்சலைச் சோதிப்பதாகவே முடியும்.

‘மருத்துவர் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை, இவற்றினிடையே மதிப்பு, மரியாதை என்பதெல்லாம் ஆடம்பரமல்லவா?’ என்று கேட்போர் உண்டு. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஊதியத்தை உயர்த்துவதும் ஒப்பந்தப் பணியாளரை நிலைப்படுத்துவதும் அரசின் கடமை. அவற்றுக்கு எந்த இன்சொல்லும் ஈடாகாது. இன்சொல்லை மட்டும் தந்து ஊதியத்தை மறுப்பதும் ஒருவகை ஏமாற்றே. எனினும் செலவு மிகக் குறைந்த மாற்றங்கள் பல உள்ளன. காலையில் பத்து நிமிடம் அனைவரும் கூடி, கடைநிலைப் பணியாளரே முதலில் தாம் கண்டதைச் சொல்லலாம். நோய்ப்பதிவேட்டில், அறிகுறியை முதலில் கவனித்தவரின் பெயரை எழுதலாம். விலங்கு இறந்தால், பழி சுமத்தாமல் நடந்ததை ஆராயும் கூட்டம் நடத்தலாம். கையுறையும் தடுப்பூசியும் பதவி வேறுபாடின்றி வழங்கலாம். அனைவரையும் பன்மையில் விளிப்பதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

தமிழ்நாட்டின் அனுபவமும் இங்கே எண்ணத்தக்கது. தெப்பக்காடு முகாமின் பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதனையடுத்து முதுமலை, ஆனைமலை முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. அவர்களுக்கு வீடு கட்ட 9.10 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயல். ஆயினும் தலைமுறைகளாக யானைகளை வளர்த்தவர்களின் குடியிருப்பு குறித்த அறிவிப்பு வருவதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் மேடை ஒன்று தேவைப்பட்டது என்பதும் உண்மையே.

மைசூருக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 1892இல் பத்தாம் சாமராஜ உடையார் நிறுவிய உயிரியல் பூங்கா இந்நகரில் உள்ளது. 2017 ஜனவரியில் பறவைக் காய்ச்சலால் அது ஒரு மாதம் மூடப்பட்டபோது பார்வையாளர்களுக்கு மட்டுமே விடுமுறை, காப்பாளர்களுக்கு இல்லை. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்குவதும் இந்நகரிலேயே. பாகர்களுள் பலர் ஜேனு குறுபர். யானையின் நடை, உணவு, சினம், நோய் ஆகியவற்றைக் குறிக்கும் அவர்களுடைய சொற்களை மொழியியலார் தொகுத்து அகராதியாக்கலாம். அது நல்ல ஆய்வாகவும் அமையும். ஆனால் அச்சொற்கள் சிகிச்சைப் பதிவேட்டினுள் நுழையாதவரை அவை அருங்காட்சியகப் பொருள்களே. ஒருவரின் மொழியைப் போற்றிவிட்டு அவர் சொல்வதைக் கேளாதிருப்பது ஆய்வுலகமும் அடிக்கடி செய்யும் பிழை.

அடுத்த தசராவிலும் யானைகள் எடைமேடை ஏறும். கிலோ கணக்கு நாளிதழ்களில் வரும். இலை விரித்து விருந்தும் நடக்கும். அதற்கு முன்பாகவோ பின்பாகவோ, யானையருகே நிற்பவரை ஒரு நாற்காலியில் அமரவைத்து, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் வழக்கம் தொடங்குமானால், அந்தப் பணியிடம் தன் பணியாளரை மதிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.