கோஷத்துக்குக் கணக்குப் பார்த்தவர்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆனால் அழுத பிள்ளைகள் எல்லாம் பால் குடித்தனவா, எப்படி அழுத பிள்ளைக்குப் பால் கிடைத்தது என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? அமெரிக்காவில் ஒரு பெண்மணி பார்த்திருக்கிறார். அவர் பெயர் சாரா சோல். சமூகவியல் கற்று, மக்கள் கிளர்ச்சிகளை ஆராய்ந்தவர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் வர்த்தகக் கல்லூரிக்கு டீனாகப் பொறுப்பேற்றார்.

மானேஜர்களை உருவாக்குவது அந்தக் கல்லூரியின் வேலை. கம்பெனி வாசலில் நின்று கோஷம் போடுகிறவர்களை ஆராய்ந்தவருக்கு அங்கே தலைமைப் பீடமா என்று சிலர் வியக்கலாம். யோசித்துப் பார்த்தால் இது விந்தையல்ல, விவேகம்.

சோல் அம்மையார் 1995-ல் கார்னெல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவர் முதலில் ஆராய்ந்தது 1980-களின் மாணவர் கிளர்ச்சியை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சி, கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்து வதைத்த காலம் அது. அங்கே தொழில் நடத்தும் கம்பெனிகளின் பங்குகளை விற்றுவிட வேண்டும் என்று அமெரிக்க மாணவர்கள் தங்கள் கல்லூரிகளை வற்புறுத்தினார்கள். அந்த ஏழை மக்களின் வாழ்வை எடுத்துக்காட்ட, கல்லூரி மைதானத்திலேயே பலகையும் தகரமும் கொண்டு குடிசைகள் போட்டார்கள். ஒரு கல்லூரியைப் பார்த்து, அதைப் போன்ற இன்னொரு கல்லூரியிலும் குடிசைகள் முளைத்தன.

பலன் என்ன? குடிசை எழுந்த கல்லூரிகள் மற்றவற்றைவிட விரைவாகப் பங்குகளை விற்றுவிடவில்லை! காரியம் ஆகிறதா என்று பாராமலே, கண்ணைக் கவர்ந்த முறையை எல்லோரும் கைக்கொண்டார்கள். அதற்காகக் கிளர்ச்சியே வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. 1986-ல் ஜனாதிபதி ரீகனின் மறுப்பையும் மீறி, தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. கிளர்ச்சி வேறு, அது கையாளும் முறை வேறு என்பதுதான் பாடம்.

மறு பக்கத்துக்கும் பாடம் உண்டு. பிரேடன் கிங் என்பவருடன் சேர்ந்து அவர் 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1962 முதல் 1990 வரை அமெரிக்கக் கம்பெனிகளை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டங்களையும், அப்போது அவற்றின் பங்கு விலை என்ன ஆயிற்று என்பதையும் இருவரும் ஒப்பிட்டார்கள். ஆர்ப்பாட்டம் பங்கு விலையைக் கீழே இழுத்தது. தொழிலாளர், வாடிக்கையாளர் பற்றிய குறையானால் அடி இன்னும் பலமாக விழுந்தது. பத்திரிகைகள் அதிகமாக எழுதினாலும் அப்படியே. வாசலில் எழும் குரல் கணக்குப் புத்தகம் வரை போகிறது!

இந்த அறிவு இரு புறமும் கூருள்ள கத்தி. கூச்சல் எங்கே சுடும் என்று தெரிந்துகொண்ட நிர்வாகி, குறையைத் தீர்க்கவும் செய்யலாம். குறை வெளியே தெரியாமல் மூடி வைக்கவும் செய்யலாம். காய்ச்சலைத் தணித்துவிட்டு நோயை உள்ளே விடும் வைத்தியமும் உலகில் இருக்கிறதல்லவா? கல்லூரி எந்த வைத்தியத்தைக் கற்றுக் கொடுக்கப் போகிறது என்பதே கேள்வி.

1977-ல் இதே ஸ்டான்போர்டில், இதே தென்னாப்பிரிக்கா விவகாரத்துக்காக உள்ளிருப்புக் கிளர்ச்சி செய்த சுமார் 300 மாணவர்கள் கைதானார்கள். அத்தகைய இளைஞர்கள் எழுப்பிய குரலைப் பாடமாகப் படித்தவர் அங்கேயே டீனாகியிருப்பது நல்ல சகுனம். ஆனால் சகுனம் மட்டும் போதாது. ஆரவாரத்தைப் பார்க்காதே, பலனைப் பார் என்று கிளர்ச்சிக்காரர்களுக்குக் காட்டியது அவருடைய ஆராய்ச்சி. அந்தத் தராசில்தான் அவருடைய கல்லூரியையும் நிறுக்க வேண்டும். அங்கே படித்து வெளியேறும் மானேஜர், வாசலில் குரல் கேட்டதும் ஜன்னலைச் சாத்துகிறாரா, கதவைத் திறக்கிறாரா? தேர்வு அதுதான்.