இமயத்து ஆறுகளின் கணக்கு மக்கள் கைக்கு வரட்டும்



காவிரியில் நீர் பெருகும் நாட்களில் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி ஓடுகிறது என்பது நாளிதழில் வந்துவிடுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா, நிற்குமா என்று முடிவாகிறது. மேட்டூருக்கு வரும் நீரையும் அங்கிருந்து திறக்கும் நீரையும் பார்த்துத்தான் டெல்டா உழவர் தம் வேலையைத் திட்டமிடுகிறார். பிலிகுண்டுலுவில் நீரை அளப்பது மத்திய நீர் ஆணையம். அதே ஆணையம் இமயமலையில் அலகநந்தாவிலும் தீஸ்தாவிலும் அளக்கிறது. ஆனால் அங்கே நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது கரையில் குடியிருப்பவருக்கும் தெரிவதில்லை, பத்ரிநாத்துக்கும் மணாலிக்கும் சிக்கிமுக்கும் போய்வரும் நமக்கும் தெரிவதில்லை. இமயத்து ஆறுகளின் ஓட்டமும், அவற்றுக்கு நீர் தரும் பனியின் அளவும், பனிச்சரிவு எச்சரிக்கைகளும் அளக்கப்பட்ட உடனே மக்களுக்குத் தரப்பட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்காக எங்களோடு சேர்ந்து நீங்களும் குரல் கொடுக்க வேண்டும்.

மலையாற்றின் இயல்பு சமவெளி ஆற்றின் இயல்பு அல்ல. தென்னாட்டு ஆறுகளில் மழை பெய்தால் நீர், இல்லையேல் மணல். இமயத்தில் குளிர்காலத்தில் விழுவது மலைமேல் தங்கி, கோடையில் உருகி இறங்குகிறது. மத்திய தரைக்கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் வானிலை அமைப்புகள் டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டும் பனிதான் ஏப்ரல், மே மாதங்களின் ஆற்று நீர். பனியின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. புதுப்பனி பத்து சென்டிமீட்டர் விழுந்தால் உருகும்போது தேறுவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர். மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த பனி அதே உயரத்துக்கு மூன்று, நான்கு மடங்கு நீர் தரும். ஆகவே பனிக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அளந்தால்தான் வரப்போகும் கோடை எப்படி என்று சொல்ல முடியும். இந்த ஆறுகளுக்கு நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கமும் உண்டு. விடியலில் முழங்கால் அளவு ஓடும் பனியோடை, வெயில் ஏறிப் பனி உருகியதும் மாலையில் ஆளை இழுத்துப்போகும் வேகம் கொள்ளும். வானம் தெளிந்திருப்பதால் ஆறு அமைதியாக இருக்கும் என்ற சமவெளிக்காரரின் எண்ணம் அங்கே உயிருக்கு ஆபத்தானது.

அளவு தெரியாததன் விலை என்ன என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பியாஸ் ஆற்றில் திடீரெனப் பெருகியது. சுற்றுலா வந்து ஆற்றுப் பாறைகளில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவ மாணவியர் 24 பேரும், அவர்களுடன் வந்த வழிகாட்டி ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்தது. அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் நிலை நீர்மின் திட்டத்தின் அணையை வெள்ளம் எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆனாலும் மதகுகளை நேரத்தோடு திறக்க முடியவில்லை. அணை அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்தை அடுத்த மாணாவில் சாலைப் பணியாளர் முகாம்மீது பனிச்சரிவு விழுந்தது. சிக்கிய 54 பேரில் எட்டுப் பேர் இறந்தனர். மாணா இருக்கும் சமோலி உள்ளிட்ட மாவட்டங்களின் உயரமான பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய நாளே விடப்பட்டிருந்தது.

இம்மூன்றிலும் இயற்கையின் சீற்றம் ஒரு பாதிதான். முதல் நிகழ்வில் நீர் வரப்போவது மதகைத் திறந்தவர்களுக்குத் தெரியும், ஆற்றில் நின்றவர்களுக்குத் தெரியாது. இரண்டாவதில் ஏரியின் ஆபத்தை அறிவியலாளர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தும், ஏரி உடைந்த செய்தி, மதகுகளைத் திறக்கப் போதிய நேரத்தோடு கீழே வந்து சேரவில்லை. மூன்றாவதில் எச்சரிக்கை இருந்தும் மலைச்சரிவின் அடியில் முகாம் காலி செய்யப்படவில்லை. அளப்பவருக்கும் ஆபத்தில் நிற்பவருக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தை மூடுவதுதான் முதல் வேலை. புதிய கருவிகளுக்கு முன்பே, இருக்கும் கருவிகளின் எண்கள் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும்.

இன்றைய நிலை என்ன? 2018இல் வெளியான நீர்வானிலைத் தரவுப் பகிர்வுக் கொள்கையின்படி, சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரோட்டத் தரவுகள் இரகசியப் பட்டியலில் உள்ளன. ஆராய்ச்சியாளர் கேட்டால்கூட விண்ணப்பித்து, இரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகே பெற முடியும். காவிரிக்கும் கோதாவரிக்கும் இந்தத் தடை இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பு நிலையங்களின் நீர்மட்டம் இணையத்திலும், 2023இல் வெளியான ஃப்ளட்வாட்ச் செயலியிலும் கிடைப்பதை வரவேற்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் சமவெளி வெள்ளத்தை மனத்தில் வைத்த ஏற்பாடு. உயர்ந்த பள்ளத்தாக்குகளின் கோடைக்கால ஓட்டத்தையும், மலைமேல் சேர்ந்த பனியின் நீரளவையும் அதில் பார்க்க முடியாது.

இதற்கு முதலில் எழும் மறுப்பு நாட்டின் பாதுகாப்பு. இவை எல்லை தாண்டும் ஆறுகள், அண்டை நாடுகளோடு பேச்சுவார்த்தை நடக்கும் ஆறுகள், எண்களை வெளியிட்டால் நம் கை பலவீனமாகும் என்கிறார்கள். இந்தக் கவலையை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவே நாள்தோறும் எடுக்கும் நீர்மட்ட, நீரோட்ட அளவுகளை இந்தியாவும் பாகிஸ்தானும் மாதந்தோறும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னது. 2025 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது என்றாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகள் அண்டை அரசுக்குத் தரத்தக்கதாக இருந்த எண், சொந்தக் குடிமகனுக்கு மட்டும் இரகசியமாக இருந்தது என்பது விளக்க முடியாத நிலை. மலையில் எங்கே பனி குறைந்தது, எங்கே கூடியது என்பதை இன்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகில் எவரும் கணக்கிடலாம். ரைன் ஆறு சுவிட்சர்லாந்தில் தோன்றி ஜெர்மனி வழியாக நெதர்லாந்துக்குப் போகிறது. ரோன் பிரான்சுக்குப் போகிறது. அவற்றின் ஓட்டத்தைச் சுவிஸ் அரசு உடனுக்குடன் இணையத்தில் வெளியிடுகிறது. அதனால் அந்நாட்டின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. பேச்சுவார்த்தைக்கு உண்மையிலேயே தேவையான நீண்டகாலக் கணக்குகள் சிலவற்றை அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். ஆற்றங்கரையில் நிற்பவரின் உயிரைக் காக்கும் இன்றைய எண்ணுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. விலக்கு பெற்ற தகவலையும்கூட, தீங்கைவிடப் பொதுநலன் மிகுதியானால் தரலாம் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எட்டாவது பிரிவிலேயே இடம் வைத்திருக்கிறது.

எண்ணைக் கொடுத்தால் மக்களுக்குப் புரியாது, பீதிதான் கிளம்பும் என்பது அடுத்த மறுப்பு. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நீரியல் படித்தவர் அல்லர். கனஅடி அவருக்குப் புரிகிறது. நாள்தோறும் ஓர் எண்ணையும் அன்றைய ஆற்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்த எண்ணின் பொருள் தானாகவே பிடிபடும். சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் காலையும் மாலையும் பனிச்சரிவு அறிக்கை தருகிறது. ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை படிநிலையாகச் சொல்கிறது. சாலையை எப்போது மூடுவது, சரிவில் எப்போது ஏறாமல் இருப்பது என்று மக்கள் அதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பீதி பிறப்பது எண்ணிலிருந்து அல்ல, ஒன்றும் தெரியாத இருட்டிலிருந்து. அதிகாரபூர்வமான கணக்கு இல்லாத இடத்தில்தான் கைப்பேசியில் வதந்தி பரவி ஊரே ஓடுகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. சில பேரிடர்களை எந்த அளவீடும் முன்கூட்டிச் சொல்லாது என்கிறார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் ரோண்டி சிகரத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் கனமீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்காவிலும் தௌலிகங்காவிலும் வெள்ளமாக இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அந்தப் பாறை எந்த நாளில் பெயரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது, உண்மைதான். ஆனால் பாறை விழுந்த இடத்திலிருந்து தபோவன் நீர்மின் திட்டத்தின் சுரங்கம் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். வெள்ளம் அந்தத் தூரத்தைக் கடக்கப் பல நிமிடங்கள் எடுத்தது. மேலே ஆற்றில் ஒரு கருவி, கீழே ஒரு சங்கு, இரண்டுக்கும் நடுவே அறுபடாத தொடர்பு இருந்திருந்தால் அந்த நிமிடங்களில் பலர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள். முன்கூட்டிச் சொல்ல முடியாததையும் தொடங்கிய உடனே சொல்ல முடியும். மலையில் அதுவே பாதி உயிர்காப்பு.

வெள்ளத்துக்கும் விபத்துக்கும் அப்பாலும் இந்தக் கணக்குக்கு வேலை இருக்கிறது. காத்மாண்டுவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஒருங்கிணைந்த மலைவள மேம்பாட்டு மையம் 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் அந்தக் குளிர்காலத்தில் பனி தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு. 23 ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகப் பற்றாக்குறை. இமயப் பனிநீரைப் பெறும் பக்ரா அணையை நம்பியிருக்கும் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் உழவர்களுக்கு இது நேரடிச் செய்தி. இத்தகைய பற்றாக்குறையை மக்கள் முன் அளந்து காட்டும் இடமும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாநில அதிகாரிகள் பிலிப்ஸ் என்ற இடத்தில் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்கப் பனியை அளப்பது வழக்கம். 2015 ஏப்ரல் 1 அன்று அங்கே பனியே இல்லை. வெறும் புல்தரையில் நின்றபடி ஆளுநர் ஜெரி பிரவுன் நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25 சதவீதம் குறைக்க ஆணையிட்டார். மக்கள் தங்கள் கண்ணால் பார்த்த பற்றாக்குறை என்பதால் அந்தக் கட்டுப்பாட்டின் நியாயத்தை விளக்குவது எளிதானது. தண்ணீரைப் பகிரும் சண்டைகள் மிகுந்த நம் நாட்டில், எல்லோரும் ஒரே கணக்கைப் பார்ப்பதுதான் நம்பிக்கைக்கு முதல் படி.

ஆகவே மத்திய, மாநில அரசுகளிடம் நாங்கள் கேட்பவை இவை. இமயத்து ஆறுகளின் நீர்மட்டமும் நீரோட்டமும் நிலையம் வாரியாக மணிக்கு ஒரு முறை வெளிவரட்டும். நவம்பர் முதல் மே வரை பனியின் உயரமும் நீரளவும் வாரந்தோறும் வரட்டும். பனிச்சரிவு எச்சரிக்கை இந்தியிலும் அந்தந்த மலைமொழியிலும் வெளியாகி, ஆபத்துப் படி உயர்ந்தால் முகாமைக் காலி செய்தே ஆக வேண்டும் என்ற விதி ஒப்பந்தக்காரரையும் பிணைக்கட்டும். அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்வது 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அணை உரிமையாளரின் கடமை. மதகு திறக்கும் முன் சங்கு ஒலிக்கிறதா, கைப்பேசிக்குச் செய்தி வருகிறதா என்று ஆண்டுதோறும் மக்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டட்டும்.

உங்களிடம் கேட்பவையும் உண்டு. மலைக்குப் போகும் முன் பயண ஏற்பாட்டாளரிடம் விடுதியையும் உணவையும் விசாரிப்பது போலவே, ஆற்றின் நிலையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் யார் பார்ப்பார்கள், பார்த்து யார் பயணத்தை நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாதவரோடு போகாதீர்கள். அணைக்குக் கீழுள்ள ஆற்றுப்படுகையில் படம் எடுக்க இறங்காதீர்கள், பிள்ளைகளையும் இறங்க விடாதீர்கள். ஓடையைக் கடக்க வேண்டுமானால் விடியலில் கடந்துவிடுங்கள். கல்லூரிச் சுற்றுலா அனுப்பும் நிர்வாகங்கள் இதை எழுத்துப்பூர்வ விதியாக்க வேண்டும். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமும், மத்திய நீர் ஆணையத்துக்கு ஒரு தகவல் உரிமை மனுவும் அனுப்புங்கள். நீங்கள் போகவிருக்கும் ஆற்றின் பெயரைக் குறிப்பிட்டு அதன் ஓட்டத்தைக் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், மறுப்பின் காரணத்தை வெளியே சொல்லுங்கள். பொதுப்பணத்தில் வாங்கிய கருவி அளந்த எண், பொதுமக்களின் சொத்து. அது கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இப்படிக்கு,
மலையாறுகள் குறித்து அக்கறை கொண்ட குடிமக்கள்